ரொட்டி இல்லாத குளிர்காலமும் தேறிய குழந்தைகளும்



பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சில மாதங்களாக நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் கோதுமையைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. கோதுமை விஷம், இன்றே நிறுத்துங்கள் என்கிறது ஒன்று. க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் பணக்காரர்கள் கண்டுபிடித்த வியாதி, நம் பாட்டன் பூட்டனுக்கு இருந்ததா என்று கேட்கிறது மற்றொன்று. இரண்டையும் ஃபார்வர்டு செய்தவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள்! யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. இந்த விஷயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்த இரண்டு செய்திகளையும் என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

நான் சொல்லப்போகும் நோயின் பெயர் சீலியாக். கிரேக்க மொழியில் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய துருக்கியில் இருக்கும் கப்பதோக்கியா என்ற பகுதியைச் சேர்ந்த அரிட்டேயஸ் என்ற வைத்தியர் இப்படி ஒரு நோயை எழுதி வைத்திருக்கிறார். சாப்பிட்டது செரிக்காமல் அப்படியே போய்விடும், உடம்பு இளைத்துவிடும், நாள்பட்டு நீடிக்கும் என்கிறார். வயிற்றின் சூடு குறைந்து உணவு பக்குவமாகாமல் போவதுதான் காரணம் என்று அவர் நினைத்தார். நம்மூரிலும் நாள்பட்ட கழிச்சலைக் 'கிராணி' என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிராணி என்பது பல காரணங்களால் வருவது. சீலியாக் அதில் ஒரு வகை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அரிட்டேயஸுக்குப் பிறகு நீண்ட காலத்துக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. நேராக 1887-க்கு, லண்டனுக்கு வாருங்கள். கிரேட் ஆர்மண்ட் தெருவில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அடுத்த ஆண்டு, 1888-ல், அது அச்சில் வந்தது. எல்லா வயதினருக்கும் இந்த நோய் வரலாம், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் அதிகம் என்றார். வயிறு பெருத்து, கைகால் சூம்பி, வெளிர் நிறத்தில் மலம் போகும் குழந்தைகள். மருந்தால் பயனில்லை, குணமானால் அது உணவால்தான் என்று அந்தக் காலத்திலேயே உறுதியாகச் சொன்னவர் அவர்.

ஆனால் எந்த உணவால்? அங்கேதான் சிக்கல். அரிசி, ஜவ்வரிசி, சோளமாவு வேண்டாம் என்றார். பாலும் ஒத்துவராது என்றார். இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய மெல்லிய ரொட்டித் துண்டு தரலாம் என்றார். பாதுகாப்பான அரிசியை விலக்கிவிட்டு, நோய்க்குக் காரணமான கோதுமையைத் தட்டில் வைத்துவிட்டார்! அவரைக் குறை சொல்ல முடியாது. மாவுப்பண்டம் எல்லாம் ஒரே இனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். கீ இன்னொரு குழந்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தினமும் டச்சுக் கடற்கரையில் கிடைக்கும் சிப்பிகளைத் தின்று அந்தக் குழந்தை நன்றாகத் தேறியது. சிப்பிக் காலம் முடிந்ததும் பழையபடி நோய் திரும்பிவிட்டது. அடுத்த ஆண்டு சிப்பி வந்தபோது அந்தக் குழந்தை அதைத் தொடவே மறுத்துவிட்டது. பாவம், சலித்துப் போயிருக்கும்.

அடுத்து 1924. அமெரிக்காவில், நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் வாழைப்பழத்தை வைத்து ஒரு பத்தியம் வகுத்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் எதுவும் கிடையாது. பால், தயிர்க்கட்டி, இறைச்சி, காய்களோடு வாழைப்பழம் தாராளமாக. அவர் எழுதிய முதல் அறிக்கையில் பத்துக் குழந்தைகள். வாழைப்பழப் பத்தியம் இருந்த எட்டுப் பேரும் தேறினார்கள். பத்தியம் இல்லாத இரண்டு பேர் இறந்துபோனார்கள். இதைப் படித்த பெற்றோர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். கண் முன்னால் கரைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு வாழைப்பழத்தால் உயிர் வருகிறது என்றால் யார்தான் கொடுக்க மாட்டார்கள்? சுமார் முப்பது ஆண்டுகள் இந்தப் பத்தியம் கொடிகட்டிப் பறந்தது.

பிள்ளைகள் பிழைத்தது உண்மை. ஆனால் அவர்களைக் காப்பாற்றியது வாழைப்பழம் அல்ல. தட்டில் ரொட்டி இல்லாமல் போனதுதான் காப்பாற்றியது. வாழைப்பழத்துக்கு இந்த நோயைக் குணப்படுத்தும் சக்தி இருக்கிறது என்று ஹாஸ் நம்பினார். அந்த நம்பிக்கையால் ஒரு தீங்கும் வந்தது. குழந்தை தேறியதும் 'குணமாகிவிட்டது' என்று சொல்லித் திரும்ப ரொட்டி கொடுத்தார்கள். உள்ளே சிறுகுடல் மறுபடி கெட ஆரம்பித்தது, பல வருடம் கழித்து வேறு வேறு தொந்தரவாக வெளியே வந்தது. வைத்தியம் பலித்தாலும் அது ஏன் பலித்தது என்று தெரியாவிட்டால் வரக்கூடிய ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இப்போது கதாநாயகரிடம் வருவோம். வில்லெம் கரேல் டிக்கே. நெதர்லாந்துக்காரர், 1905-ல் பிறந்தவர். தி ஹேக் நகரத்தில் இருந்த யூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு 1936-ல், முப்பத்தோரு வயதில், தலைமை மருத்துவரானார். சீலியாக் குழந்தைகள் அவரிடம் நிறைய வந்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் சாப்பாட்டிலிருந்து ரொட்டியை நிறுத்தியதும் பிள்ளைக்கு நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னதாகவும், அதிலிருந்துதான் அவருக்குப் பொறி தட்டியது என்றும் சொல்வார்கள். படித்த டாக்டர், ஒரு வீட்டுப் பெண் சொன்னதைத் தள்ளிவிடாமல் கேட்டாரே, அதுதான் பெரிய விஷயம்.

கேட்டதோடு அவர் நிற்கவில்லை. கோதுமை இல்லாத உணவைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுடைய உயரத்தையும் எடையையும் ஆண்டுக்கணக்கில் குறித்து வரைபடம் போட்டார். எடைக்கோடு எப்போது ஏறுகிறது, எப்போது சரிகிறது, அந்த நாட்களில் தட்டில் என்ன இருந்தது என்று ஒப்பிட்டார். 1941-ல் டச்சு மொழியில் ஒரு மருத்துவ இதழில் இந்த எளிய உணவுமுறையைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. டச்சு மொழிக் கட்டுரை வெளியுலகத்தை எட்டவில்லை.

1944 செப்டம்பரில் நேச நாடுகளின் படைகளுக்கு உதவியாக டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜெர்மானியர்கள் மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்த வருடம் குளிரும் கடுமை, கால்வாய்கள் உறைந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக் எல்லாம் பட்டினி. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கையும், சர்க்கரைக்காக வளர்க்கும் பீட் கிழங்கையும் வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ இருபதாயிரம் பேர் இறந்துபோனார்கள். 'பசிக் குளிர்காலம்' என்று அந்த நாட்டில் இன்றும் அதற்குப் பெயர்.

ஊரே வாடிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில், டிக்கேயின் மருத்துவமனையில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. சிலர் முன்பைவிடத் தேறினார்கள். ரொட்டி கிடைக்கவில்லை, அதனால் கோதுமை உள்ளே போகவில்லை. போர் முடியும் தறுவாயில் ஸ்வீடனிலிருந்து உதவியாக மாவு வந்தது, விமானங்களிலிருந்து உணவு மூட்டைகள் போட்டார்கள். தெருவெல்லாம் வெள்ளை ரொட்டிக்காக ஆனந்தக் கண்ணீர். அந்த ரொட்டியைத் தின்ற சீலியாக் குழந்தைகளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு திரும்பியது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சம் வந்ததால்தான் டிக்கே இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் கட்டுரை வந்தது 1941-ல், பஞ்சம் வந்தது 1944-ல். ஏற்கெனவே அவர் சந்தேகித்துக் குறித்து வைத்திருந்ததைப் பஞ்சம் உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் பாதிக் கட்டுக்கதை தானே உதிர்ந்துவிடும் என்று வகுப்பில் நான் சொல்வது ஞாபகம் இருக்கிறதா?

போருக்குப் பிறகு டிக்கே, உட்ரெக்ட் நகரத்தில் வைஜர்ஸ் என்ற குழந்தை மருத்துவரோடும் வான் டி காமர் என்ற வேதியியலாளரோடும் சேர்ந்தார். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்று துல்லியமாக அளக்க வான் டி காமர் ஒரு முறையை உருவாக்கியிருந்தார். உடம்பு உணவை உறிஞ்சுகிறதா இல்லையா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாவு என்று கொடுத்து அளந்தார்கள். கோதுமை கொடுத்தால் கொழுப்பு வீணாகிறது. ரை என்ற தானியத்துக்கும் அப்படியே. அரிசி கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. மக்காச்சோளத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோதுமையிலிருந்து ஸ்டார்ச்சை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. 1950-ல் டிக்கே இதை முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். 1952-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு குழுவும் சோதித்துப் பார்த்து, கெடுதல் செய்வது கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம்தான் என்று உறுதி செய்தது.

க்ளூட்டன் என்றால் என்னவென்று வீட்டிலேயே பார்க்கலாம். பேரன் பேத்திகளுக்குச் செய்து காட்டுங்கள். கோதுமை மாவை உருண்டையாகப் பிசைந்து அரை மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் அதைக் கசக்கிக் கசக்கிக் கழுவுங்கள். வெள்ளையாகக் கரைந்து போவது ஸ்டார்ச். கடைசியில் கையில் ரப்பர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்பதில் பெரும்பகுதி க்ளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அது இதனால்தான். அரிசி மாவில் இது கிடையாது. அதனால்தான் அரிசி மாவை வீச முடியாது!

சரி, இந்தக் க்ளூட்டன் வயிற்றில் என்ன செய்கிறது? 1954-ல் இங்கிலாந்தில் பாலி என்ற மருத்துவர், அறுவை சிகிச்சையின்போது எடுத்த சிறுகுடல் துணுக்கைப் பார்த்து, உள்சுவர் இயல்பாக இல்லை என்று கண்டார். 1956-ல் லண்டனில் மார்கோ ஷைனர் என்ற பெண் மருத்துவர், வயிற்றைக் கிழிக்காமலே வாய் வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுக்க வழி கண்டார். அதன் பிறகு விஷயம் தெளிவாகிவிட்டது. அறிவியல் பாடத்தில் குடலுறிஞ்சிகள் படித்தீர்களே. துவாலையில் சின்னச் சின்ன நூல் வளையங்கள் நிற்பதுபோல் சிறுகுடலின் உள்ளே நிற்கும். அதன் வழியாகத்தான் சத்து உடம்பில் சேர்கிறது. சீலியாக் உள்ளவர்களுக்குக் க்ளூட்டன் உள்ளே போனால், உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படையே இந்த உறிஞ்சிகளைத் தாக்கி மழுங்கடித்துவிடுகிறது. பல நாள் துவைத்துத் தேய்ந்த துவாலை மாதிரி ஆகிவிடும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்து சேராது, சுண்ணாம்புச்சத்து சேராது. கோதுமையை முழுவதும் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உறிஞ்சிகள் மெல்ல மெல்லத் திரும்ப வளர்ந்துவிடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் வியாதி, நமக்கென்ன என்று கேட்கலாம். 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா மூன்றிலும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் ஆயிரத்துக்குச் சுமார் 12 பேர், வடகிழக்கில் 9 பேர், தெற்கில் ஒருவர். அப்படியென்றால் நம் ரத்தம் வேறா? அதையும் பார்த்தார்கள். இந்த நோய் வருவதற்குத் தேவையான மரபணு வகை மூன்று பகுதியிலும் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பது பேருக்கு இருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான். வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கில் 25 கிராம். பாட்டன் பூட்டனுக்கு இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டது சோறும் கம்பும் கேழ்வரகும். மரபணு இருந்தாலும் அது விழித்துக்கொள்ள வேலை இல்லாமல் இருந்தது. இன்றைக்கு நம் வீடுகளில் ராத்திரி சப்பாத்தி, காலையில் ரவை உப்புமா, பள்ளிக்கூடத்துக்கு பிஸ்கட், சாயங்காலம் பரோட்டா.

இந்த மரபணு இருப்பவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆகையால் 'கோதுமை எல்லோருக்கும் விஷம்' என்பதும் தவறு.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி இப்போது டெல்லிப் பக்கம் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஏழு வயது. உயரம் ஏறவில்லை, இரும்புச்சத்து டானிக் எவ்வளவு கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. கடைசியில் சீலியாக் என்று தெரிந்தது. கோதுமையை நிறுத்தி ஒரு வருடத்தில் பையன் நன்றாகத் தேறிவிட்டான். அவளுக்கு இப்போது பயமெல்லாம் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வருவதில்தான். "டீச்சர், எங்க ஆச்சி 'ஒரே ஒரு வாய் தின்னா என்னளா ஆயிரப் போகுது'ன்னு ஊட்டிவிட்ருவாங்க. நான் சொன்னா மருமக பேச்சு மாதிரி ஆயிடுது. நீங்க எழுதினா கேப்பாங்க" என்றாள். ஆச்சிமார்களே, தயவுசெய்து கேளுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஒரு வாய் என்பதும் கணக்குத்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சிரித்துக்கொண்டு விளையாடும். உள்ளே குடலுறிஞ்சிகள் தேயும். வாழைப்பழக் காலத்துப் பிள்ளைகளுக்கு நடந்தது அதுதான்.

அப்படிப்பட்ட குழந்தை வீட்டுக்கு வந்தால் கோதுமை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மைதா, ரவை, சேமியா எல்லாமே கோதுமைதான். ரவா தோசையும் கேசரியும் அப்படித்தான். கடையில் வாங்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆகவே சாம்பாரும் ரசமும்கூட யோசித்துத்தான். மால்ட் பானங்களில் பார்லியோ கோதுமையோ இருக்கும். மாவு மில்லில் கோதுமை அரைத்த கையோடு கேழ்வரகு அரைத்து வாங்கினால் அதிலும் கோதுமை ஒட்டியிருக்கும், வீட்டில் மிக்ஸியில் அரைப்பது நல்லது. மற்றபடி இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, சோறு, கம்பங்கூழ், தினை, சாமை என்று நம் சமையலறையே இந்தக் குழந்தைக்குப் பெரிய வரம். டெல்லியில் அந்தத் தாய் படும் பாடு நம்மூரில் கிடையாது.

கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறவர்கள் எல்லோருக்கும் சீலியாக் என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை அலர்ஜி என்று தனியாக ஒன்று உண்டு, அதில் தடிப்பு, மூச்சுத்திணறல் உடனே வரலாம். சிலருக்குக் கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பில் உள்ள சில சர்க்கரைப் பொருட்கள் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும். பால் ஒத்துக்கொள்ளாதது வேறொன்று. வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பலருக்குக் குறைந்துவிடும். பால் சேராதவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் சேரும், புளிக்கும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால். இவை தொந்தரவுதான், ஆனால் குடல்சுவரை அழிக்கும் நோய் அல்ல.

கடைசியாக ஒரு முக்கியமான விஷயம். சந்தேகம் வந்தால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு டாக்டரிடம் போகாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் "வயிறு வலிக்கு டீச்சர்" என்று தினமும் ஒரு குரலாவது கேட்கும். பாதி நேரம் அது வீட்டுப்பாடம் செய்யாத வயிற்று வலிதான், எனக்குத் தெரியாதா! ஆனால் ஒரே பிள்ளை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால், வயதுக்கு ஏற்ற உயரம் எடை இல்லாமல் இருந்தால், சத்து மாத்திரை கொடுத்தும் வெளுத்தே இருந்தால், அதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். இன்று என்ன சாப்பிட்டது, எப்போது வலித்தது, மாதம் ஒரு முறை எடை எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். டிக்கே செய்ததும் பெரும்பாலும் இதைத்தான். ஒரு தாய் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார், பிறகு பத்துப் பதினைந்து வருடம் பொறுமையாக எடை பார்த்து எழுதினார்.

டிக்கே 1962-ல் காலமானார், வயது ஐம்பத்தேழுதான். சீலியாக் நோய்க்கு இன்றைக்கும் நிரூபிக்கப்பட்ட ஒரே வைத்தியம் அவர் காட்டிய அந்தப் பத்தியம்தான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால் இந்தப் பதிவை அவர்கள் வீட்டு ஆச்சி தாத்தாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கோதுமை இல்லாமல் செய்யும் பலகாரம் ஏதாவது தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், டெல்லிக்காரிக்கு அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்